ஐரிஷ் பெயர்களை எப்படி உச்சரிப்பது?

கேள்வி இது: "அடுத்த மாதம் அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேரப்போகிறேன். என்னோடு வேலை செய்யப்போகிறவர்களின் டூட்டி பட்டியல் வந்திருக்கிறது. பாதிப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. சியோபன், நியாம், காவோயிம்ஹே, டாட்க், ஆவோய்ஃப் என்று நான் படிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். இவற்றைச் சரியாக எப்படிச் சொல்வது? புதுப்பெயர் வந்தால் பார்த்ததும் படிக்க வழி உண்டா?"

முதலில் விடை. ஷிவான், நீவ், கீவா, டைக், ஈஃபா. முதல் நாள் டூட்டிக்கு இது போதும். ஆனால் அந்த ஊரில் ஒரு வார்டிலேயே இன்னும் பத்துப் பெயர்கள் இப்படி வரும். அதனால் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அந்த எழுத்துமுறையின் போக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது. தமிழ் படித்தவர்களுக்கு அது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சுலபமாக வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் அந்தப் பெயர்களை ஆங்கிலம் வழியாகப் படித்தீர்கள், சிக்கல் அவ்வளவுதான். அவை ஆங்கிலப் பெயர்கள் அல்ல. ஐரிஷ் தனி மொழி, அதற்குத் தனி எழுத்திலக்கணம் இருக்கிறது. பார்க்கத்தான் தாறுமாறாகத் தெரியும்; உண்மையில் ஆங்கில எழுத்துமுறையைவிட ஒழுங்கானது.

எழுத்துகளைத் தமிழிலேயே சொல்லிப் போகிறேன். டீ என்றால் டீக்கடையின் டீ, டி என்றால் டாக்டரின் டி. பி என்று வருவதெல்லாம் பஸ்ஸின் பி.

ஐரிஷ் மொழியின் பாரம்பரிய நெடுங்கணக்கில் 18 எழுத்துகள்தான். ஜே, கே, க்யூ, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் கிடையாது. ஆனால் மொழியில் ஒலிகள் ஏராளம். கொஞ்சம் எழுத்தை வைத்துக்கொண்டு நிறைய ஒலியை எழுத வேண்டுமென்றால் என்ன செய்வது? எழுத்து எங்கே நிற்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை வைத்து ஒலியைத் தீர்மானிக்க வேண்டியதுதான். நாமும் அதைத்தான் செய்கிறோம். கடல், பகல், அங்கே மூன்றிலும் ஒரே க. மூன்றும் வேறு ஒலி. சொல்லிக்கொடுக்காமலே நம் வாய் மாற்றிக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தை ஐரிஷ் பெயர் மேல் வைத்துப் பாருங்கள், பாதிக் கதவு திறந்துவிடும்.

கே இல்லாத மொழி என்றேன் அல்லவா? அப்படியானால் சி எப்போதும் க்தான். எந்த உயிர் பக்கத்தில் வந்தாலும் ச ஆகாது. 2024இல் ஓப்பன்ஹைமர் படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய நடிகரை நம் ஊரில் பலர் சிலியன் மர்ஃபி என்கிறார்கள், அவர் கிலியன். இவரும் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கும் அதே கார்க்காரர். சி-ஐ-ஏ-ஆர்-ஏ என்று எழுதியிருந்தால் கீரா. இதே எழுத்துகளோடு ஓர் அமெரிக்கப் பாடகி இருக்கிறார், அவர் சியேரா. அயர்லாந்துப் பெண்ணாக இருந்தால் கீரா என்று தைரியமாகக் கூப்பிடலாம்.

அடுத்தது எஸ். ஐரிஷ்காரர்கள் உயிரெழுத்துகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஏ, ஓ, யூ மூன்றும் அகல உயிர்கள். இ, ஐ இரண்டும் ஒல்லி உயிர்கள். எஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒல்லி உயிர் நின்றால் அது ஷ, அகல உயிர் நின்றால் ஸ. இந்த ஒரு விதியிலேயே ஷிவான், ஷினேட், ஷேமஸ், ரோஷீன் எல்லாம் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே பெயரில் பார்க்க வேண்டுமானால் எஸ்-ஏ-ஓ-ஐ-ஆர்-எஸ்-இ. முதல் எஸ் ஏ பக்கத்தில் இருக்கிறது, அதனால் ஸ. இரண்டாவதற்குப் பின்னால் இ, அதனால் ஷ. ஸீர்ஷ. விடுதலை என்று பொருள். இதே பெயர் கொண்ட நடிகை ரோனன் அதை ஸர்ஷ என்று கொஞ்சம் வேறுபடச் சொல்வார். அவர் பெயர், அவர் சொல்வதே சரி. கடைசி இ ஊமையல்ல என்பதையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கடைசி இ பேசாது, ஐரிஷில் அது மெல்ல ஓர் அகரமாக ஒலிக்கும். உங்கள் பட்டியலில் உள்ள ஈஃபாவின் கடைசி எழுத்தும் அதுதான்.

அந்த உயிர்க்கூட்டப் பிரிவினைதான் பெயர்களில் தேவையில்லாமல் உயிரெழுத்துகள் குவிந்து கிடப்பதற்கும் காரணம். ஒரு மெய்யின் இடப்பக்கம் ஒல்லி உயிர் இருந்தால் வலப்பக்கமும் ஒல்லி இருக்க வேண்டும், அகலத்துக்கு அகலம். பள்ளிப் பிள்ளைகள் இதை ஒரு வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள். இந்த விதிக்காகவே சில உயிர்கள் எழுத்தில் வந்து உட்காரும்; ஒலிக்க மாட்டா. நடுவில் நிற்கும் மெய் எந்த இனம் என்று காட்டுவது மட்டுமே அவற்றின் வேலை. இ-ஓ-ஐ-என் என்ற பெயரில் முதல் இயும் ஒலிக்காது. ஒலிப்பது ஓ. ஆகவே அது ஓவன். 2020 ஐபிஎல் நடுவில் நம் தினேஷ் கார்த்திக்கிடமிருந்து கொல்கத்தா கேப்டன் பொறுப்பை வாங்கியவர், அடுத்த வருடம் துபாய் இறுதிப்போட்டியில் சென்னையிடம் தோற்ற அணியின் கேப்டன், டப்ளினில் பிறந்து இங்கிலாந்துக்கு 2019 உலகக்கோப்பை வாங்கிக்கொடுத்தவர் — அந்த மோர்கனை நம்மில் பலர் இயான் என்றே சொல்லியும் எழுதியும் வந்தோம். அவர் ஓவன் மோர்கன்.

ஏ-ஓ-ஐ மூன்றும் சேர்ந்து வந்தால் ஈ. இது ஒன்றை மட்டும் அப்படியே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், அடிக்கடி வரும்.

இனி எச். எல்லாரையும் பயமுறுத்துவது இதுதான், எனக்கு இதில் மிகப் பிடித்ததும் இதுதான்.

ஐரிஷில் மெய்யெழுத்துகள் சில இடங்களில் இளகும். ப மாதிரி உதடு மூடிச் சொல்லும் ஒலி, உதடு லேசாகத் திறந்து வ ஆகிவிடும். பழைய ஐரிஷ் அச்செழுத்தில் இதைக் காட்ட மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது போலவே மேலே, ஆனால் வேலை வேறு: நம் புள்ளி உயிரை எடுத்துவிடும், அவர்கள் புள்ளி மெய்யை இளக்கும். 20ஆம் நூற்றாண்டில் வழக்கமான ரோமன் அச்சுக்கும் தட்டச்சுக்கும் மாறியபோது புள்ளி வைக்க வசதியில்லாமல் அதற்குப் பதிலாகப் பக்கத்தில் ஓர் எச்சைப் போட்டார்கள். 1960களில் பள்ளிப் புத்தகங்களும் மாறிவிட்டன. பி மேல் ஒரு புள்ளியாக இருந்தது பி-எச் என்று இரண்டு எழுத்தாக நீண்டது இப்படித்தான். ஆகவே இந்தப் பெயர்களில் எச்சைப் பார்த்தால் ஹ என்று மூச்சு விடாதீர்கள். அதை முன்னெழுத்தின் தலையில் தூக்கி வையுங்கள்.

வைத்துப் பார்ப்போம். பி-எச், எம்-எச் இரண்டும் வ. வி என்ற எழுத்தே இல்லாத மொழி, வ ஒலியை இப்படித்தான் எழுதுகிறது. எஸ்-ஐ-ஓ-பி-எச்-ஏ-என்: எஸ் ஷ ஆகிறது, பி-எச் வ ஆகிறது, ஷிவான். என்-ஐ-ஏ-எம்-எச்: கடைசி இரண்டும் வ், நீவ். சிலர் நீயவ் என்பார்கள். சி-ஏ-ஓ-ஐ-எம்-எச்-இ: க், ஈ, வ, சேர்த்தால் கீவா. பாருங்கள், உங்களைத் திணறடித்த பெயர் எவ்வளவு சின்னது! ஊருக்கு ஊர் இந்த வ ஆங்கில வி போலவும் டபிள்யூ போலவும் மாறும். அதைப்பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், நம் வ இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது.

டி-எச், ஜி-எச் இரண்டும் பெயரின் நடுவிலோ கடைசியிலோ வந்தால் கரைந்துவிடும். எஃப்-ஐ-ஏ-டி-எச் ஃபீயா, 2021இல் அயர்லாந்தில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் இது. க்ளோடா என்ற பெயரின் கடைசியில் ஒரு ஜி-எச் சத்தமில்லாமல் இருக்கும். முன்னால் ஏ நின்றால் சில சமயம் ஏவும் டி-எச்சும் சேர்ந்து ஐ என்று ஒலிக்கும். டீ-ஏ-டி-எச்-ஜி, டைக். எஸ்-ஏ-டி-எச்-பி-எச், சைவ். இந்த இரண்டாவதில் ஒரு மெய்க்கு நான்கு எழுத்துகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுவார்கள்; இரண்டு புள்ளிகள் என்று நினைத்தால் ஒன்றுமில்லை. டீ-எச் வெறும் ஹ: டாஹி. சி-எச் கரகரப்பான ஹ. நாட்டின் பிரதமராக இருக்கும் மார்ட்டினின் முதல் பெயரை மைக்கேல் என்று படிக்கத் தோன்றும், அவர் மீஹால்.

எம்-எச் எப்போதும் வ என்றும் சொல்லிவிட முடியாது. நடிகர் க்ளீசனின் முதல் பெயரில் ஓ, எம், எச் சேர்ந்து நீண்ட ஓ ஆகிவிட்டது. அவர் டோனல்.

ஏ, இ, ஐ மீது சாய்வாக ஒரு கோடு பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஃபாடா. அது நெடில் குறி, வேறொன்றும் இல்லை. குறில் நெடில் தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஷான் என்ற ஆண் பெயரிலிருந்து அந்தக் கோட்டை எடுத்தால் 'பழைய' என்று பொருள்படும் வேறொரு சொல் ஆகிவிடும். பெயரில் ஃபாடா போட மறந்தால் பலர் வருத்தப்படுவது இதனால்தான். எழுதும்போது நகை, நாகை வித்தியாசம் பார்ப்பதுபோல் பாருங்கள். ஏ மீது கோடு வந்தால் ஒலி, 'கால் டாக்ஸி' என்று சொல்லும்போது முதலில் வருகிற அந்த வாய் குவிந்த ஆ. ஷிவானின் இரண்டாம் அசை அதுதான். எந்த அசையை அழுத்துவது என்று கேட்பீர்கள். நெடிலை நெடிலாகவும் குறிலைக் குறிலாகவும் சொல்லுங்கள், பெரும்பாலான பெயர்களில் அழுத்தம் தானே சரியான இடத்தில் விழுந்துவிடும்.

ஒரு மெய்க்கூட்டம் நாக்கைத் தடுக்கும்போது நடுவில் ஓர் உயிரைச் செருகிக்கொள்வது நமக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும் பழக்கம். கோல்ம் என்று நாம் படிக்கும் பெயர் கொலம். ஆங்கிலத்தில் பேசும்போதுகூட அயர்லாந்தில் பலர் பிலிம் என்றுதான் சொல்வார்கள், நம் ஊரில் சொல்கிற அதே பிலிம். முதல் தடவை கேட்கும்போது உங்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வரும்.

தமிழில் எழுதி வைத்துக்கொள்வது நல்ல வழி. ஆனால் ஒரு குறை இருக்கிறது. குமார், கோபால் இரண்டையும் க வரிசையில் எழுதுகிறோம். பழனி, பாலு இரண்டையும் ப வரிசையில். ஆளைத் தெரிவதால் சரியாகச் சொல்கிறோம், எழுத்து சொல்லித் தருவதில்லை. புதிய நாட்டுப் பெயருக்கு அந்தத் துணை இல்லை. அதனால் கோபாலின் க, பாலுவின் ப வருமிடத்தில் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிரான்யா என்று எழுதி க கீழே கோடு. பிரீட் என்று எழுதி ப கீழே கோடு. டைக் என்பதில் கடைசி க் கீழே கோடு. அது அங்கே என்பதில் வரும் க.

கிரான்யா என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 16ஆம் நூற்றாண்டில் மேற்குக் கடற்கரையில் கப்பல் படை வைத்திருந்த ஒரு பெண் தலைவியின் பெயர் அது. 1593இல் லண்டன் போய் முதலாம் எலிசபெத் ராணியை நேரில் பார்த்துப் பேசியவர். ஆங்கிலப் பதிவுகளில் அவர் கிரேஸ் ஆகிவிட்டார். அவருக்கு மட்டும் நடந்ததல்ல இது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பதிவேடுகளில் டைக் என்பவர் டிமதி ஆனார், டர்மிட் ஜெரமையா ஆனார், கொனஹூர் கொர்னீலியஸ் ஆனார். பொருளில் ஒட்டுறவே இல்லாத பெயர்கள். கார்க்கில் வயதான நோயாளிகளிடையே ஜெரமையாவும் கொர்னீலியஸும் டிமதியும் நிறையப் பேர் இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். அவர்களுடைய பேரனுக்கு டைக் என்று பெயர் இருக்கும். 1893இல் ஐரிஷ் மொழியை மீட்பதற்கான கேலிக் லீக் என்ற இயக்கம் தொடங்கிய பிறகு, மொழியோடு சேர்ந்து பெயர்களையும் மக்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வட அயர்லாந்தில் அந்த டைக் என்ற பெயரையே கத்தோலிக்கர்களைத் திட்டும் வசைச்சொல்லாக ஆக்கியிருந்ததும் உண்டு. அப்படி ஒதுக்கி வைக்கப்பட்டு மீண்டு வந்த பெயரை, புதிதாக வந்த ஒரு நர்ஸ் முதல் நாளே சரியாகச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் அங்கே எதிர்ப்படலாம். கார்க் மாவட்டத்தின் மேற்கே மூஸ்க்ரீ என்ற ஐரிஷ் பேசும் பகுதி இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் பார்க்க வரும்போது, படுக்கையில் மாரா என்று எழுதியிருக்கும் பாட்டியை 'அ வாரா' என்று கூப்பிட்டால் ஆள் மாறிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். கண்ணன் கண்ணா ஆவது மாதிரி அவர்களுக்கும் விளி வேற்றுமை உண்டு. தொல்காப்பியம் விளிமரபு என்று தனி இயலே வைத்திருக்கிறது. நாம் பெயரின் கடைசியை மாற்றுகிறோம், அவர்கள் முதலெழுத்தையும் இளக்குகிறார்கள். ஷேமஸைக் கூப்பிடும்போது 'அ ஹேமிஷ்'. ஸ்காட்லாந்தில் ஹேமிஷ் என்று ஒரு பெயரே இருக்கிறதே, அங்குள்ள கேலிக் மொழியின் இதே விளி வடிவத்திலிருந்து வந்ததுதான் அது.

விதிகள் எல்லாம் சரி, வார்டில் என்ன செய்வது?

நம் ஊரில் சிஸ்டர், மேடம், சார் என்று சொல்லியே ஒரு ஷிஃப்டை முடித்துவிடலாம். அங்கே முடியாது. வார்டு மேனேஜரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், கூப்பிடாமல் ஒதுங்கினால் ஒட்டாதவர் என்று நினைத்துவிடுவார்கள். பெயர் தெரியாவிட்டால் முதல் நாளிலேயே "ஹவ் டு யூ சே யுவர் நேம்?" என்று நேராகக் கேளுங்கள். கஷ்டமான பெயர், விசித்திரமான பெயர் என்ற முன்னுரை வேண்டாம். அவர் சொன்னதும் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள், சரியா என்று பாருங்கள், அடுத்த பத்து நிமிடத்துக்குள் ஒருமுறை அந்தப் பெயரைப் பயன்படுத்துங்கள். அப்போதுதான் நிற்கும். திருத்தினால் நீளமாக மன்னிப்புக் கேட்காமல், திருத்தியபடி சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

நோயாளிகளிடம் இன்னும் எளிது. மருந்து கொடுக்குமுன், ரத்தம் எடுக்குமுன், பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்பது நடைமுறை. நீங்கள் பெயரைப் படித்து "ஆமாம்" வாங்கக்கூடாது, அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் அந்த நொடியில் காதைத் தீட்டிக்கொண்டால் உச்சரிப்பு உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் கேட்டதை வைத்து எழுதாதீர்கள். மேவ் என்ற ஒரே ஒலிக்கு மூன்று நான்கு எழுத்துக்கோவைகள் இருக்கின்றன, ஓவனுக்கும் அப்படியே. சார்ட்டில் எழுதும்போது கைப்பட்டையைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதுங்கள், ஃபாடா உட்பட.

விதிப்படி சரியாகப் படித்தாலும் இரண்டு பதில் உள்ள பெயர்கள் இருக்கின்றன. கீவா என்பவர் சிலர், குவீவா என்பவர் சிலர். கார்க்கில் பிறந்த கோல்கீப்பர் கெலஹரின் முதல் பெயர் குவீவீன். ஓஷீன், உஷீன் இரண்டும் கேட்பீர்கள். மன்ஸ்டர் பகுதியில் இரண்டாம் அசை நெடிலாக இருந்தால் அதை அழுத்துவார்கள், கார்க் அந்தப் பகுதியில்தான் வருகிறது. இவற்றில் எது சரி என்று புத்தகத்தில் தேட வேண்டாம். பெயருக்கு உரியவரைக் கேட்டால் போதும்.

பட்டியலில் எல்லாரும் ஐரிஷ்காரர்களாக இருக்கவும் மாட்டார்கள். 2022 கணக்கெடுப்பில் அயர்லாந்தில் வாழும் வெளிநாட்டுக் குடிமக்களில் போலந்துக்காரர்களே அதிகம். அவர்கள் பெயருக்கு மேலே சொன்ன எதையும் பொருத்தாதீர்கள். போலந்து மொழியில் டபிள்யூ என்பது வ, ஜே என்பது ய, எஸ்-இசட் என்பது ஷ, சி-இசட் என்பது நம் பச்சையில் வரும் ச்ச. குறுக்குக்கோடு போட்ட எல் ஆங்கில டபிள்யூ போல ஒலிக்கும். ஆகவே லூகாஸ் என்று தோன்றும் பெயர் வூகாஷ், அக்னீஸ்கா என்று தோன்றுவது அக்னியெஷ்கா.

உங்கள் பட்டியலில் ஐந்து பெயர்களைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். மீதியையும் எழுத்து எழுத்தாக, எந்த உயிரின் மேல் கோடு இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் உச்சரிப்பும் அடிக்கோடும் போட்டுத் தருகிறேன்.